ஒம்பதாயிரம் பேரும் ஒரு ட்ரம்பெட்டும்

இருளப்பசாமி: இப்பல்லாம் எவனுக்கும் காதே கிடையாது தாயி. கண்ணு மட்டுந்தான். அதுவும் அந்தப் போனுக்குள்ளதான் கிடக்கு.

முனீஸ்வரி: மெதுவாப் பேசுங்க மாமா. பஸ் ஸ்டாண்டுல இம்புட்டுப் பேரு நிக்காங்க.

இருளப்பசாமி: நிக்கட்டும். எவன் காதுல விழப்போவுது? எல்லாவனும் அடைச்சுல்ல வச்சிருக்கான். ராஜபாளையத்துக்காரரு தாமோதரு என்ன செஞ்சாரு? தங்கச்சி கல்யாணத்துக்குப் பேண்ட் செட்டு பாக்கணும், வாங்கன்னாரு. போன வாரம் போனேன். ட்ரம்பெட்டை நல்லாத் தொடச்சு மடியில வச்சு உக்காந்திருக்கேன். அதைத் திரும்பிக்கூடப் பாக்கல அந்த மனுசன். எத்தனை பேரு இருக்காங்கன்னு கேட்டாரு.

முனீஸ்வரி: நீங்க பதினாலுன்னு சொல்லிட்டு வந்தீக.

இருளப்பசாமி: நம்ம செட்டுல பதினாலுதானே?

முனீஸ்வரி: அவரு கேட்டது நம்ம பேஜுல எத்தனை ஃபாலோயருன்னு. நம்ம வாசிக்கிறதைப் போன்ல பாக்குறதுக்கு எத்தனை பேரு சேந்திருக்கான்னு.

இருளப்பசாமி: அவரு சிரிச்ச பொறவு வெளங்கிட்டு. மதுரைக்காரன் செட்டுக்கு நாப்பதாயிரம் பேராம். யோசிச்சுச் சொல்லுதேன்னு அனுப்பிட்டாரு. ஒரு பாட்டு, ஒரே ஒரு பாட்டு ஊதுங்கன்னு வாயில வரல அவருக்கு.

முனீஸ்வரி: அன்னைக்கு வீட்டுக்கு வந்து ரெண்டு வட்டல் சோறு தின்னீக. ஊதச் சொல்லாத வருத்தமா அது?

இருளப்பசாமி: பசிச்சுது, தின்னேன்.

முனீஸ்வரி: சரி... நான் ஒண்ணு கேக்கேன், கோவப்படக் கூடாது. அந்த மதுரை செட்டோட நாப்பதாயிரத்துல பாதிப் பேரு காசுக்கு வாங்குனதுதான் மாமா. ஆயிரம், ரெண்டாயிரம்னு எண்ணிக்கை வச்சுப் போன்லயே விக்கான். நம்மளும் கொஞ்சம் வாங்குனா என்ன?

இருளப்பசாமி: ஆளையா?

முனீஸ்வரி: ஆளு இல்ல. பேரு மட்டும்.

இருளப்பசாமி: பேரு மட்டும் இருக்கும், ஆளு இருக்க மாட்டான். ஏட்டி, செத்தவன் ஓட்டுப் போட்ட கதையால்ல இருக்கு.

முனீஸ்வரி: நம்ம பதினாலு பேருல, ஊதறதும் அடிக்கிறதும் எத்தனை பேரு?

இருளப்பசாமி: ...பஸ் வருதான்னு பாரு.

முனீஸ்வரி: ஒம்பது. மிச்சம் அஞ்சு பேரும் செவப்புக் கோட்டைப் போட்டுக்கிட்டு, குழலை வாயில வச்சு, கன்னத்தை மட்டும் உப்பிக்கிட்டு வாராங்க. சங்கரலிங்கம் அண்ணன் அம்மாம்பெரிய குழலைத் தோள்ல மாட்டிக்கிட்டு பதினோரு வருசமா வாராரு, ஒரு நாளு சத்தம் வந்திருக்கா? மறந்துபோய் ஊதிட்டாலும் வெளிய வந்துரக் கூடாதுன்னு உள்ள புண்ணுக்குக் கட்டுற காஸ் துணியை உருட்டி அடைக்கோம். அந்த உருண்டையை நான் வேலை பாக்குற பேண்டேஜ் யூனிட்டுல இருந்து கழிவுத் துணி எடுத்து உருட்டிக் கொண்டாரதே நான்தான்.

இருளப்பசாமி: அது வேற.

முனீஸ்வரி: எப்படி வேற?

இருளப்பசாமி: எல்லா செட்டுலயும் உள்ள வழக்கம்லா அது. பதினாலு கோட்டு இருந்தாத்தான் ஊர்வலம் பாக்க ஊர்வலமா இருக்கும். சங்கரலிங்கம் ஊதலன்னாலும் நடக்கான்லா? தெரு தெருவாச் சுத்துதான். கோட்டு நனைஞ்சு பிழிஞ்சா ஒரு செம்புத் தண்ணி வரும். வத்திராயிருப்புல மழைக்குள்ள நம்ம ட்ரம்மைத் தலையில சொமந்துக்கிட்டு வந்தது ஆரு? ஊதுறவனா? ஊதாத சங்கரலிங்கம். உன் போன்ல விக்கிறவன் வந்து சொமப்பானா?

முனீஸ்வரி: சொமக்க வேண்டாம். இந்தக் கல்யாணம் கிடைக்கணும், அம்புட்டுத்தான். இதுவும் கை விட்டுப் போச்சுன்னா தையோட தென்காசி செட்டுக்குப் போயிருவேன்னு பின்வரிசையில ட்ரம்பெட்டு ஊதுற ஞானதுரை அண்ணன் சொல்லிட்டாரு. உங்ககிட்ட நேரா சொல்லக் கூச்சப்பட்டு எங்கிட்டச் சொன்னாரு. அவரு போயிட்டா...

இருளப்பசாமி: அவன் போயிட்டா செட்டு இல்ல.

முனீஸ்வரி: உங்களுக்கே தெரியுதுல்ல?

இருளப்பசாமி: தெரியும். ஆனா இன்னைக்கு அச்சாரம் வாங்க வரச்சொல்லிட்டாருல்ல? ஆளே வாங்காம நடந்திருக்கு பாத்தியா. போன ஆவணில நீ எடுத்துப் போட்ட வீடியோவைப் பாத்திருப்பாரு. நல்ல வாசிப்பை எவனும் ஒதுக்க முடியாது.

முனீஸ்வரி: ஆமா மாமா... செத்த இருங்க, அவருதான் கூப்பிடுதாரு. ஸ்பீக்கர்ல போடுதேன்.

தாமோதர்: கிளம்பிட்டீங்களாம்மா?

முனீஸ்வரி: ஸ்ரீவில்லிபுத்தூர்லதான் சார் நிக்கோம், பஸ்ஸுக்கு. மாமாவும் வாராக.

தாமோதர்: நல்லது. வீட்டுல எல்லாருக்கும் ஒங்க பேஜைக் காமிச்சேன். ஒம்பதாயிரத்தி எரநூறு பேரு. பிரேசிலு, துருக்கின்னு வாயில நுழையாத பேரா இருக்கு. எங்க அம்மாச்சி, வெளிநாட்டுக்காரனே கேக்கான், இந்த செட்டே போதும்னுட்டாங்க.

இருளப்பசாமி: ஒம்பதாயிரமா?

முனீஸ்வரி: மாமா, செத்த சும்மா இருங்க... சொல்லுங்க சார்.

தாமோதர்: ஒண்ணே ஒண்ணுதான். அத்தனை பேரு பாக்குறாங்கல்ல, அதனால மாப்பிள்ளை அழைப்பு மண்டபத்துக்கு வந்ததும் அஞ்சு நிமிசம் லைவ் போடுறோம். ஐயா மட்டும் தனியா முன்னால நின்னு ட்ரம்பெட் வாசிக்கட்டும். மத்தவங்க எல்லாம் நிறுத்திரணும். அவர் வாசிப்பு மட்டும் தெளிவாக் கேக்கணும். சரிதானேம்மா?

முனீஸ்வரி: ...வந்து பேசுதோம் சார்.

இருளப்பசாமி: வச்சுட்டாரா?

முனீஸ்வரி: வச்சுட்டாரு.

இருளப்பசாமி: கேக்குறதுக்கு முன்னாலேயே வாங்கிட்டல்ல?

முனீஸ்வரி: போன வாரமே. நீங்க பொட்டியோட திரும்பி வந்த அன்னைக்கு.

இருளப்பசாமி: எங்கிட்ட இப்ப வந்து யோசனை கேக்குற மாதிரிக் கேட்ட.

முனீஸ்வரி: நீங்க சரின்னு சொல்லிட்டா, பொறவு மெதுவாச் சொல்லலாம்னு இருந்தேன்.

இருளப்பசாமி: பாத்தியா, உன் பிரேசிலுக்காரன் என்ன வேலை செஞ்சான்னு? இல்லாதவனுக்கு வாசிச்சுக் காட்டணுமாம். அதுவும் தனியா.

முனீஸ்வரி: அஞ்சு நிமிசந்தானே மாமா.

இருளப்பசாமி: ஏலாது.

முனீஸ்வரி: அம்பது வருசமா ஊதுறீக...

இருளப்பசாமி: ஏலாதுன்னா ஏலாது. அந்தப் பொட்டியைத் திற. ட்ரம்பெட்டை எடு. வாய்க்குள்ள கையை விட்டுப் பாரு.

முனீஸ்வரி: ...காஸ் துணி.

இருளப்பசாமி: ஆமா.

முனீஸ்வரி: சங்கரலிங்கம் அண்ணன் குழல்ல வைக்கிறது தவறி இதுல...

இருளப்பசாமி: தவறல்லாம் இல்ல. நான்தான் வச்சேன். ஆடியில முன்பக்கத்து மேல்பல்லு நாலையும் பிடுங்குனேன்லா? கட்டுன பல்லை வச்சு ஊதுனா வெறுங்காத்துதான் வருது. ரெண்டு மாசம் வீட்டுக்குப் பின்னால நின்னு முக்கிப் பாத்துட்டேன். எனக்கும் சேத்து, பின்வரிசையில இருந்து ஞானதுரைதான் ஊதுதான். அவனுக்கு மட்டுந்தான் தெரியும். ஆவணி வீடியோல நீ கேட்டியே, அது நான் இல்ல.

முனீஸ்வரி: நம்ம செட்டுல ஊதாத ஆளு அஞ்சு பேரு மாமா. ஆவணியில இருந்து எங்கிட்ட ஆறு உருண்டை கேக்கீக.

இருளப்பசாமி: ...எண்ணுனியா?

முனீஸ்வரி: நாள் பூரா பேண்டேஜை எண்ணிக் கட்டுறவ நான். அஞ்சு கேட்டவரு ஆறு கேட்டா தெரியாதா?

இருளப்பசாமி: தெரிஞ்சேதான் இம்புட்டு நாளும் உருட்டிக் குடுத்தியா?

முனீஸ்வரி: அந்த ஆறாவதை மட்டும் கொஞ்சம் சின்னதா உருட்டுவேன். ட்ரம்பெட்டு வாய் சின்னதுல்ல. பேஜு பெருசாத் தெரிஞ்சா எவனும் உங்களை ஊதிக் காட்டச் சொல்ல மாட்டான்னு நெனச்சேன் மாமா. அதுக்குத்தான் வாங்குனேன். இப்படி வந்து முடியும்னு...

இருளப்பசாமி: பஸ் வந்துட்டு. ஏறு. அவருகிட்ட, முன்னால நின்னு வாசிக்கப் போறது ஞானதுரைன்னு சொல்லு. இத்தனை மாசம் என் பாட்டை எல்லாம் வாசிச்சது அவன்தான்னும் சொல்லு. இஷ்டம்னா அச்சாரம் குடுக்கட்டும்.

முனீஸ்வரி: நீங்க வரலையா? அப்ப... அந்த ஒம்பதாயிரம் பேரு?

இருளப்பசாமி: எனக்காகத்தான் வாங்குனன்னு தெரியுது. இருந்தாலும் அதை நான் ஒத்துக்க மாட்டேன். நான் கோட்டைப் போட்டுக்கிட்டு சங்கரலிங்கத்துக்குப் பக்கத்துல நடக்கேன். ஊதலன்னாலும் எனக்கு வேர்க்கும். அவங்கள்ல ஒருத்தனுக்கு வேர்க்குமா? பொட்டியைக் குடு... மடவார் வளாகத்து வீட்டுக்கு நான் நடந்தே போறேன்.