வாரத்துக்கு இரண்டு நாள்

மருந்துக் கடையில் பதினாறு வருஷம் நின்றுகொண்டே வேலை பார்த்தவள் நான். உட்காரச் சொல்லி நாற்காலி போட்டீர்களே, நன்றி. என் கால்தான் இன்னும் நம்ப மாட்டேன் என்கிறது.

என் தங்கைக்கு ஒற்றைத் தலைவலி. வந்துவிட்டால் சன்னல் திரையை இழுத்துவிட்டு, வாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சுருண்டுவிடுவாள். மற்ற நாளில் அவளைப் பிடிக்க முடியாது. பல் செட் செய்யும் கூடத்தில் வேலை. மெழுகில் அவள் செதுக்கிய பல்லைப் பார்த்தால் கடித்துவிடுமோ என்று பயம் வரும். வாயும் அப்படித்தான், என்னைச் சீண்டாமல் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. அப்பா அம்மா போன பிறகு வீட்டில் நாங்கள் இருவர்தான்.

டாக்டரிடம் நான்தான் அழைத்துப் போனேன். அன்று அவளால் கண்ணைத் திறக்க முடியவில்லை, வெளியே பெஞ்சில் படுத்துவிட்டாள். அதனால் விவரமெல்லாம் என்னிடம்தான் சொன்னார். மூளையைச் சுற்றியுள்ள ரத்தக் குழாய்கள் விரிந்து துடிக்கின்றன, இந்த மாத்திரை அவற்றை இறுக்கும் என்றார். வாரத்துக்கு இரண்டு நாளுக்கு மேல் கூடாது என்று இரண்டு முறை சொன்னார். கூடினால் மாத்திரையே தலைவலியைக் கொண்டுவருமாம். தலையோடும் நிற்காது, கை கால் குழாய்களையும் இறுக்கிவிடுமாம். எனக்கு இது புதிதில்லை. கடைக்கு வருகிறவர்களிடம் இதையே நான் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன்.

முதல் நான்கு மாதம் ஒழுங்காகத்தான் கொடுத்தேன். தேறினாள். தேறியதும் வேறு ஊரில் ஒரு பெரிய கூடத்துக்கு எழுதிப் போட்டாள், வேலையும் கிடைத்துவிட்டது. சாப்பிடும்போது சொன்னாள். கையில் எடுத்தது எனக்கு வாய்க்குப் போகவில்லை.

"இனிமே நீ நிம்மதியா இருக்கலாம்க்கா. என் வாந்தி வாளியைக் கழுவுற வேலை இல்ல" என்று சிரித்தாள்.

நானும் சிரித்து வைத்தேன். அந்த வாளியைக் கழுவும்போதுதான் நானும் ஒருத்திக்கு வேண்டியவள் என்று தோன்றும். அதை அவளிடம் எப்படிச் சொல்வது?

மறுநாள் மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து, கடையில் கொடுக்கும் காகித உறையில் போட்டேன். மேலே 'தினம் ஒன்று' என்று என் கையாலேயே எழுதினேன். டாக்டர் மாற்றிச் சொல்லியிருக்கிறார், ஊருக்குப் போகும் நேரத்தில் தலைவலி எட்டிப் பார்க்கக்கூடாதாம் என்றேன். அவள் உறையை வாங்கிக்கொண்டாள். மருந்து விஷயத்தில் அவளுக்கு அக்கா சொன்னால் சொன்னதுதான்.

மூன்றாம் வாரம் தலைவலி தினமும் வர ஆரம்பித்தது. ஒன்றை இரண்டாக்கினேன். புறப்படும் தேதி தள்ளிப்போனது, பிறகு அவர்கள் வேறு ஆளை எடுத்துக்கொண்டார்கள். அன்றே நிறுத்தியிருக்கலாம். ஏன் நிறுத்தவில்லை என்றுதானே பார்க்கிறீர்கள். அவள் என் மடியில் தலை வைத்துத் தூங்கினாள். அவ்வளவுதான் காரணம். சொல்லவே வாய் கூசுகிறது.

"விரலெல்லாம் ஜில்லுன்னு இருக்குக்கா. மரத்துப்போச்சு" என்று ஒருநாள் கையை நீட்டினாள்.

விரல் நுனி வெளுத்திருந்தது. அது என்னவென்று எனக்குத் தெரியும். குளிர்தான் என்றேன். என் இரண்டு கைக்குள் வைத்துச் சூடு பறக்கத் தேய்த்துவிட்டேன். பதினோரு நாள் தேய்த்தேன், மாத்திரையும் கொடுத்தேன். கறுத்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். எத்தனை மாத்திரை சாப்பிடுகிறாள் என்று அங்கே கேட்டார்கள். வாரத்துக்கு இரண்டு நாள் என்றேன். வலது கையில் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் எடுத்துவிட்டார்கள்.

மயக்கம் தெளிந்ததும் கட்டுப் போட்ட கையை வெகுநேரம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நீ மட்டும் கூட இல்லேன்னா நான் என்ன ஆயிருப்பேனோக்கா."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அந்த வார்த்தைதான் என்னை இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்குத் துரத்தியது. அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. அவளிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. வெட்கக்கேடுதான், ஆனாலும் எழுதிக்கொள்ளுங்கள். மாத்திரையை நிறுத்தி இன்றோடு இருபது நாள். காலையில் கிளம்பும் முன் அவளுக்குத் தலை வாரிவிட்டேன். வலிக்கிறதா என்று கேட்டேன். சுத்தமாக இல்லை என்றாள். எனக்கு ஏமாற்றமாக இருந்தது.