மேஸ்திரி கட்டிய சீஸ்

— கையை எடுங்க மேஸ்திரி. பாத்திரம் அசையக் கூடாதுன்னு போன்ல போட்டிருக்கு.

— நான் எங்கே அசைச்சேன்? ரசமட்டம் வெச்சுத்தான் பாத்தேன். அடுப்பு மேடை இந்தப் பக்கம் ஒரு நூல் இறங்கியிருக்கு.

— இறங்கினா என்ன? பால் என்ன சுவரா, சாஞ்சு விழறதுக்கு?

— எதுவா இருந்தாலும் இறுகும்போது மட்டமா இருக்கணும். இது தெரியாமலா ஊருக்கெல்லாம் வீடு கட்டிக் கொடுத்தேன்?

— இந்த மேடையைக் கட்டினதும் நீங்கதான்.

— சொந்த வீட்டு வேலைக்குக் கூலியும் கிடையாது, மட்டமும் கிடையாது. சொல்லிக் காட்டாதே.

— பாலை உறைய வைக்கிற அந்தச் சொட்டு மருந்து ஊத்தியாச்சுல்ல?

— ஊத்தியாச்சு. உன் பங்குக்கு ஒரு கரண்டி உறை, என் பங்குக்கு நாலு சொட்டு. கல்யாணமானதிலிருந்து நாம சேர்ந்து செய்யற முதல் சமையல்.

— நீங்க சமையலறைக்குள்ள வந்ததே இப்பதான்.

— வர விட்டியா நீ? ஆலை கேன்டீன்ல அத்தனை பேருக்கு ஆக்கிப் போடுற தலைமைச் சமையல்காரி. உன் அடுப்புப் பக்கம் தலைகாட்ட எனக்குத் தைரியம் உண்டா?

— ஆக்கிப் போட்டவ. இப்ப இல்ல. சரி, என்ன வாசம் வருது? சொல்லுங்க.

— இரு. ஜன்னல் பக்கம் மழைக்கு முந்தின மண் வாசம். எதிர் வீட்டுல இஸ்திரி போடுறாங்க, துணி லேசாக் கருகுது. பால்ல… வெதுவெதுன்னு ஒரு வாசம். குழந்தையோட உச்சந்தலை மாதிரி.

— நிஜமாவா?

— நிஜமா. வேற எதுல பொய் சொன்னாலும் உன்கிட்ட வாசத்துல சொல்ல மாட்டேன்.

— அந்தக் காய்ச்சல்ல எனக்கு வாசமே தெரியாமப் போனதிலிருந்து உங்க மூக்காலதான் குடும்பம் நடத்துறேன். போயும் போயும் சிமென்ட் தூசி அடைச்ச மூக்கு.

— இருக்கறதை வெச்சு ஒப்பேத்து.

— முன்னெல்லாம் வேலை ஷூவை வாசப்படிக்கு வெளியே கழட்டணும்னு சட்டம் போட்டிருந்தேன். இப்ப கட்டிலுக்கு அடியில கழட்டுறீங்க. எனக்குத் தெரியாதுன்னு நெனப்பு.

— எப்படிக் கண்டுபிடிச்ச?

— கால் தடுக்கி விழுந்தேன்.

— உன் காய்ச்சல்ல எனக்குக் கிடைச்ச ஒரே லாபம் அது. அதையும் பிடுங்காதே.

— சிரிங்க. கேன்டீன் மேனேஜர் மறுபடி போன் பண்ணார். இந்த மழைக்காலம் முடியறதுக்குள்ள ஒரு பதில் சொல்லணுமாம். மூக்கு வராட்டாலும் பரவாயில்ல, வாங்கன்னார். அவருக்குப் பரவாயில்ல. கெட்ட எண்ணெய் எது, நல்ல எண்ணெய் எதுன்னு தெரியாம ஊரார் வயித்துல நான் விளையாட முடியுமா? வேற ஆளைப் போட்டுக்கங்கன்னு சொல்லிடப் போறேன்.

— அதான் மழை முடியற வரைக்கும் நேரம் இருக்கே. அதுக்குள்ள என்ன அவசரம்?

— நல்ல பாலையே கெட்டுப்போச்சோன்னு பயந்து தினம் கொட்டுறேன். நான் எங்கே போய்ச் சமைக்கிறது?

— அதைப் பாத்துத்தானே எனக்கு இந்த யோசனையே வந்துச்சு. பால் கெட்டுடுமோன்னுதானே உனக்குப் பயம்? கெடுக்கறதையே ஒரு வேலையா எடுத்துப் பண்ணிட்டா? சீஸ்னா என்ன, ஒழுங்காக் கெட்டுப்போன பால்தானே.

— இந்த மூளையை எங்கே வாங்கினீங்க?

— வீடு கட்டினது போக மிச்சம் கிடந்தது. கத்தியை விட்டுப் பாரு, நேரமாச்சு.

— நீங்க விடுங்க.

— ஐயோ, வேண்டாம். என் கை கரணை பிடிச்ச கை. கலவையை வாரின மாதிரி வாரிடுவேன்.

— சரி, நகருங்க… மேஸ்திரி.

— என்ன? பாழாப்போச்சா?

— பேசாம இங்க பாருங்க. கத்தியைச் சாய்ச்சு மெல்லத் தூக்குறேன். தானாப் பிளக்குது. விளிம்பு எப்படிக் கூரா நிக்குது பாருங்க.

— தயிர் இப்படி நிக்காதே.

— தயிர் குழையும். இது நிக்குது. நாம இங்கேயே நின்னு வம்பளந்துட்டிருந்தோம். அத்தனை பாலும் சத்தம் போடாம ஒண்ணா எழுந்து நின்னுடுச்சு.

— எத்தனை தளம் போட்டிருப்பேன். சாயங்காலம் கஞ்சியா விட்டுட்டுப் போவேன், காலையில வந்தா கல்லு. நடுவுல என்ன நடக்குதுன்னு பாத்ததே இல்ல. இன்னிக்குப் பாத்துடலாம்னு பக்கத்துலயே நின்னேன். அப்பவும் எனக்குத் தெரியாம நடந்துடுச்சு.

— பிளவுல தண்ணி ஊறுது. பச்சையுமில்லாம, மஞ்சளுமில்லாம. இதுவா பாலுக்குள்ள இருந்துச்சு? இத்தனை வருஷம் பாலைக் காய்ச்சியிருக்கேன், ஒரு நாள்கூட என் கண்ணுக்குக் காட்டலியே.

— தொட்டுப் பாக்கட்டுமா?

— கையைக் கழுவிட்டுத் தொடுங்க. நகத்துக்குள்ள போன வாரத்து வீடு இருக்கு.

*

— மாமா, மாடிப்படிக்கு அடியில சாக்கைப் போட்டு எதை மூடி வெச்சிருக்கீங்க?

— உங்க அக்கா செஞ்ச சீஸ், மாப்ளே. இதோ, உன் அக்காவையே கேளு.

— நான் செஞ்சது வரைக்கும் ஒழுங்காத்தான் இருந்துச்சுடா தம்பி. துண்டு போட்டோம், வடிகட்டினோம், ஓட்டை போட்ட டப்பாவுல அடைச்சோம், மேல செங்கல் வெச்சு அழுத்தினோம். வெள்ளையா, வட்டமா வந்துச்சு. அப்புறம்தான் உங்க மாமா சாக்கை நனைச்சுக்கிட்டு வந்தார்.

— ஏன் மாமா? நல்லாக் காய விட்டுத்தானே வைக்கணும்?

— காய விடறதா? பூசின சுவரை யாராவது காய விடுவாங்களா? தண்ணி காட்டலேன்னா மேல வெடிச்சிடும். ஈரச் சாக்கு போடணும், தினம் நனைக்கணும். எந்தக் கட்டடமும் அப்படித்தான் பலமாகும்.

— அக்கா, நீ ஒண்ணும் சொல்லலியா?

— போன்ல படிச்சுக் காட்டினேன். எழுதினவன் ஒரு சுவராவது கட்டியிருப்பானான்னு கேட்டார். சரி, எப்படியும் நனைக்கத்தான் போறார், வெறும் தண்ணி விட்டா பூஞ்சை பிடிக்கும்னு உப்புத் தண்ணியாக் கரைச்சுக் கொடுத்தேன். அதுல துணியை முக்கித் தினம் குளிப்பாட்டுறார். எனக்கே ஒரு நாள் இப்படித் துடைச்சு விட்டதில்ல.

— நீ வெடிக்கலியே.

— சத்தியமா சொல்றேன் மாமா, உங்களை நம்பி இவ மூக்கையும் கொடுத்து, பாலையும் கொடுத்திருக்கா. அக்கா, இந்தா, எங்க சோப்புக் கம்பெனியில புதுசாப் போட்டது. எலுமிச்சையும் புதினாவும். மோந்து பாரு.

— வழவழப்பா இருக்கு.

— வாசம்?

— இல்லடா. போன மாசம் ரோஜா கொண்டாந்தியே, அதே மாதிரிதான். பீரோ முழுக்க உன் சோப்பு. துணியெல்லாம் மணக்குதாம், மாமா சொல்வார்.

— அடுத்த தடவை இன்னும் தூக்கலா ஒண்ணு கொண்டாறேன்கா.

— வேண்டாம்பா. ஒவ்வொரு தடவையும் உன் மூஞ்சியைப் பாக்க முடியல.

*

— மாமா, எது செத்துச்சு? எலியா?

— மெதுவாப் பேசு. அவ உள்ளே இருக்கா. கதவைச் சாத்திட்டு இப்படி வா. ரெண்டு நாளா எனக்கும் அந்தச் சந்தேகம்தான். எலி இல்ல மாப்ளே. சாக்கைத் தூக்கிப் பாரு.

— ஐயோ.

— மூக்கைப் பொத்திக்கிட்டுக் கண்ணால பாரு.

— இது… சிவந்து கிடக்கு மாமா.

— நான் வெச்சது வெள்ளைக் கல்லு. வந்திருக்கறது செங்கல்லு. சாயம் போடல, சூளையில வைக்கல. உப்பு, தண்ணி, சாக்கு, அவ்வளவுதான். தொடு.

— பிசுபிசுன்னு இருக்கு. உள்ளே அமுங்குது. உயிரோட இருக்கற மாதிரி இருக்கு மாமா.

— நான் கட்டினதுல எதுவும் எனக்கு அப்புறம் வளர்ந்ததில்ல. வெச்ச இடத்துல வெச்ச மாதிரி நிக்கும். இது என்னைக் கேக்காம இருட்டுல உக்காந்து நிறம் மாறியிருக்கு. எனக்கு இதைத் தூக்கிப் போடவும் மனசில்ல, பக்கத்துல நிக்கவும் முடியல.

— அக்காகிட்ட என்ன சொல்லப் போறீங்க?

— மழைக்காலம் முடியப் போகுது. கேன்டீனுக்கு இன்னிக்குப் போன் பண்ணி வரலைன்னு சொல்லிடறேன்னு உக்காந்திருக்கா. கையில போன். நான்தான் சீஸை வெட்டிட்டுச் சொல்லேன்னு பிடிச்சு நிறுத்தியிருக்கேன். இந்தச் சமயத்துல போய், உன் கை பட்ட பால் செத்த எலி மாதிரி நாறுதுன்னு எப்படிச் சொல்றது?

— பின்னே?

— வெண்ணெய் வாசம்னு சொல்லப் போறேன். நல்ல புது வெண்ணெய்.

— வாசத்துல பொய் சொல்ல மாட்டேன்னு பெருமை அடிப்பீங்களே.

— இன்னியோட அந்தப் பெருமையும் போகட்டும். நீ மட்டும் மூஞ்சியை நேரா வெச்சுக்கோ. சரி, நான் தட்டை எடுத்துக்கறேன், நீ முன்னால போ. பாத்து, கல் மேல கால் வைக்காதே.

— உங்க காலைப் பாருங்க. செருப்போட வேலைக்குப் போறீங்களா என்ன?

— ஷூவோட வாய் பிளந்துடுச்சு. தெருமுனையில தைக்கக் கொடுத்திருக்கேன்.

— என்ன மேஸ்திரி, மாமனும் மாப்ளையும் படிக்கட்டுக்கு அடியில குடும்பம் நடத்துறீங்களா?

— வந்தாச்சு, வந்தாச்சு. இதோ பாரு, உன் சீஸ். நிறத்தைப் பாத்தியா?

— அடேயப்பா. சூரியன் இறங்கற நேரம் மாதிரி இருக்கே. இதுவா அந்தப் பால்? இதையா நான் தினம் கொட்டிட்டிருந்தேன்?

— வெட்டவா அக்கா? வெட்டிடறேன். உள்ளே பாரு, தந்தம் மாதிரி. ஓரத்துல உருகி வழியுது.

— நீ ஏண்டா மூச்சைப் பிடிச்சுக்கிட்டுப் பேசற?

— சளிக்கா.

— சரி, சொல்லுங்க மேஸ்திரி. என்ன வாசம் வருது?

— வெண்ணெய். அப்பதான் கடைஞ்ச வெண்ணெய். கூடவே… லேசா ரோஜா.

— ரோஜாவா?

— லேசாத்தான்.

— இருக்கட்டும். அந்தத் தட்டைக் கீழே வெச்சுட்டு, முதல்ல அந்த ஷூவை எடுத்து வெளியே போடுங்க.

— எந்த ஷூ?

— உங்க வேலை ஷூதான், வேற எது? நாள் முழுக்கக் கலவையில நின்னுட்டு வந்து கழட்டினா வருமே ஒரு நாத்தம், அதேதான். கட்டில் இருக்கறது உள் ரூம்ல, இங்க வரைக்கும் அடிக்குது. எத்தனை தடவை சொல்றது?

— மாப்ளே, நீ கேட்டியா?

— கேட்டேன் மாமா.

— ஏன் ரெண்டு பேரும் பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க? நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்?

— ஷூ வீட்டுலயே இல்லம்மா. தைக்கறவர்கிட்ட இருக்கு.

— இல்லையா? அப்ப நான் மோந்தது எதை, மேஸ்திரி?