இரண்டாவது சாட்சி

மாணவர்களின் அடிக்குறிப்புகளைத் திருத்துவதுதான் என் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்த வேலை, நீதிபதி அவர்களே. கட்டுரைக்குள் எவரும் பெருமை பேசலாம். எதை, யாரிடமிருந்து அறிந்தோம் என்று அடிக்குறிப்பில்தான் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பெய்ரூட்டுக்கு மேலே மலையிலிருக்கும் எங்கள் கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தில் இருபத்தாறு ஆண்டுகளாக வரலாறு கற்பிக்கிறேன். முதல் வகுப்பில், ஜெபம் முடிந்ததும், ஒரு கதை சொல்வேன். ஆட்டுக்குட்டி ஒன்று காணாமற்போயிற்று. ஓநாய்தான் தின்றது என்று ஆலிவ் மரம் சாட்சி சொன்னது. அருகிலிருந்த பாறை வாய் திறக்கவில்லை. ஒற்றைச் சாட்சி போதாதென்று, விசாரித்த சிங்கம் ஓநாயை விட்டுவிட்டது. ஒருவர் சொன்னால் அது செய்தி, தொடர்பில்லாத இருவர் சொன்னால்தான் வரலாறு என்று முடிப்பேன். பிள்ளைகள் சிரித்தபடி எழுதிக்கொள்வார்கள்.

தக்லா என்ற மாணவி மட்டும் எழுதவில்லை. "பாறை ஏன் பேசல, உஸ்தாத்? பயமா, இல்ல கறியில பங்கா?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அன்றிலிருந்து அவளைக் கவனிக்கத் தொடங்கினேன்.

நம் பள்ளிப் பாடநூல்களில் வரலாறு விடுதலையோடு நின்றுவிடுகிறது. அதன்பின் நடந்ததை எப்படி எழுதுவதென்று நாம் இன்னும் உடன்படவில்லை. தக்லாவின் ஆய்வுக்கு அந்தப் பிற்காலம்தான் வேண்டியிருந்தது. உள்நாட்டுப் போரின் கடைசி ஆண்டில், ஒரே ஜெபம் சொல்லும் இரண்டு கட்சிகள் அடித்துக்கொண்டபோது, ஐன் லூஸ் பாலத்துச் சோதனைச்சாவடியில் பேருந்திலிருந்து ஐந்து பேர் இறக்கப்பட்டார்கள். அவர்களுள் ஒருவர் அவளுடைய தாய்மாமன் நஸீப். திருப்பலியில் அவர் பெயரை இறந்தோர் வரிசையில் வாசிக்க அவளுடைய தாய் இன்றுவரை விடவில்லை. புதைத்த இடம் தெரிந்தால்தான் சம்மதிப்பாராம்.

பாலத்தருகே ரொட்டி சுட்டு விற்றுவந்த வாக்கிம் என்பவரைத் தக்லா கண்டுபிடித்தாள். எண்பத்து மூன்று வயது, பார்வை போனவர். அவர் பேச்சை ஒலிப்பதிவு செய்து, எழுதியும் கொண்டுவந்தாள். "அடையாள அட்டையில ஊர் பேரை வாசிச்சுப் பிரிச்சவன் ஒரு கண்ணாடிக்காரப் பையன். காலேஜ்ல படிச்சவன். மத்தவனுங்க அப்பவே அவனை வாத்தியார், உஸ்தாத்னு கிண்டல் பண்ணுவானுங்க."

ஓரத்தில் சிவப்பு மையில் எழுதினேன்: ஒற்றைச் சாட்சி. போதாது.

"தேடிக்கிட்டுத்தான் இருக்கேன், உஸ்தாத்," என்றாள், என் மூக்குக் கண்ணாடியைப் பார்த்தபடி. "வாசிச்சவனே உசுரோட இருக்கலாம், இல்லையா?"

நியாயமான கேள்வி. ஆகவே, சான்றை நேரில் சரிபார்க்க, ஜனவரியில் ஒரு ஞாயிறு மதியம், பிஸ்தா இனிப்புப் பெட்டியோடு வாக்கிமின் வீட்டுக்குப் போனேன். தக்லாவின் ஆசிரியர் என்று மட்டும் சொன்னேன். முதியவர் இனிப்பைச் சுவைத்தபடி தலையாட்டினார்.

"பேசு தம்பி, இன்னுங் கொஞ்சம் பேசு," என்றார். "கண்ணுதான் போச்சு, காது இருக்கு. அன்னிக்கு அஞ்சு பேர் பேரையும் என்னா தெளிவா வாசிச்சே. நீ வாத்தியாரானது சரிதான்."

அவர் மிரட்டவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பிறகு கண்ணயர்ந்தார். வெளியே பனி. அவருக்குக் குளிருமே என்று கணப்பில் கரியை நிறைத்தேன். புகை போக அவர் சற்றே திறந்து வைத்திருந்த சன்னலை அடைத்தேன். வெளியே வந்து, கதவின் அடியில் காற்றுப் புகாதபடி சாக்கைச் செருகினேன். இந்த மலையில் குளிர்காலந்தோறும் சிலர் கரிப்புகையில் மூச்சடைத்து அப்படித்தான் போகிறார்கள். யாரும் சந்தேகப்படுவதில்லை.

தக்லா சந்தேகப்பட்டாள். அடக்கத்துக்குப் போனவள் அவர் வீட்டில் இனிப்புப் பெட்டியைப் பார்த்திருக்கிறாள். பண்டிகைதோறும் வகுப்புக்கு நான் வாங்கித் தரும் அதே கடைப் பெட்டி. என் அறைக்கு வந்து அதை மேசைமேல் வைத்தாள்.

"அப்போ பாறைக்கும் பங்கு இருந்திருக்கு," என்றாள். "எங்க மாமாவை எங்க வச்சிருக்கீங்க?"

அவள் உங்களிடம் வந்தாள். இப்போது சொல்கிறேன். பாலத்துக்குக் கீழே, வாதுமை மரங்கள் முடியுமிடத்தில், பழைய சுண்ணாம்புக் குழியில் ஐவரும் இருக்கிறார்கள். நஸீப் கிழக்கு ஓரத்தில். வாசித்தவன் நான். சுட்டவனும் நான்.

இதை ஒப்புதல் என்று பதிய வேண்டாம். சாட்சியம் என்று பதியுங்கள். வாக்கிமின் குரல் ஒலிப்பதிவில் பத்திரமாக இருப்பதால், அவர் மறைவால் ஆய்வுக்கு இழப்பில்லை. தொடர்பில்லாத இரண்டு சாட்சிகள் கிடைத்துவிட்டார்கள். தக்லாவுக்கு முழு மதிப்பெண் போட்டுவிட்டேன்.