ப்ரோடி குயின்ஸ்லாந்து போகவில்லை

எங்கள் வீட்டில் போன் சிக்னல் சமையலறை ஜன்னல் விளிம்பில் மட்டும்தான் கிடைக்கும், டாக்டர். அதனால் எல்லோருடைய போனும் அங்கேதான் கிடக்கும். யாருக்குச் செய்தி வந்தாலும், பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும் நான்தான் முதலில் பார்ப்பேன். வேவு பார்ப்பது என்று எதுவுமில்லை. வீட்டின் அமைப்பு அப்படி.

உங்கள் கிளினிக்கிலிருந்து என் மகன் ப்ரோடிக்கு வந்த முதல் செய்தியையும் அப்படித்தான் பார்த்தேன். 'வியாழன், பதினொரு மணி, மனநல ஆலோசனை.' இருபத்தாறு வயது. இரண்டாயிரம் ஆடுகளை ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொள்கிறவன். அவனுக்கு என்ன குறை என்றுதான் முதலில் தோன்றியது.

அந்த ஞாயிறு என் கொழுந்தன் டெஸ் சாப்பிட வந்திருந்தார்.

"ஏண்டா, காசு குடுத்துப் பேசணுமா? எனக்கு ஒரு பீர் வாங்கிக் குடு. நாள் முழுக்க உக்காந்து கேக்கறேன்."

"நீ எங்க சித்தப்பா கேப்ப? பீர் உள்ள போனா நீதான பேசுவ."

"ஆட்டுக்குப் பூச்சி மருந்து குடுக்கற குழாயை உன் தொண்டையில விட்டு ஒரே அழுத்து. எல்லாம் சரியாயிடும்."

ப்ரோடி சிரித்தான். நானும் சிரித்தேன். பிறகு, "உன் வண்டி கிளினிக் வாசல்ல நிக்குதாமே, பேக்கரியில கேக்கறாங்க. இனிமே பின்பக்கமா நிறுத்துடா" என்றேன். பின்பக்கமாகவே நிறுத்தினான். அவன் போவதை நான் தடுக்கவில்லை.

அவன் தேறினான். அதை மறைக்க மாட்டேன். நன்றாகத் தூங்கினான். வேலி கட்டும்போது விசிலடித்தான். ஜூன் மாதம் ஒரு வியாழக்கிழமை உங்களிடமிருந்து திரும்பி வந்து, நான் கழுவிய தட்டுகளைத் துடைத்துக்கொண்டே கேட்டான்.

"அம்மா, சின்ன வயசுல அப்பா என்னைத் தண்ணித் தொட்டிக்குள்ள போட்டு மூடினாருல்ல, அன்னிக்கு நீ எங்க இருந்த?"

"எதுக்குடா இப்ப அது?"

"டாக்டர் கேட்டாங்க. எனக்குப் பதில் தெரியல. அடுத்த தடவை அதைத்தான் பேசப் போறோம்."

நியாயமான கேள்விதான். உங்களைக் குறை சொல்லவில்லை.

அடுத்த முறைக்கான செய்தி வந்தது. வருவதானால் 1, இல்லையென்றால் 2. அவன் போனிலிருந்து நான் 2 அனுப்பினேன். 'வேலைக்காகக் குயின்ஸ்லாந்து போகிறேன், நன்றி' என்றும் ஒரு செய்தி போட்டேன். நல்லபடியாக இருக்கும்படி வாழ்த்தி உங்கள் அலுவலகம் பதில் அனுப்பியது. எல்லாவற்றையும் அழித்தேன். அவன் மதியம் சாப்பிட வந்தபோது சொன்னேன்.

"கிளினிக்ல இருந்து பேசினாங்கடா. இனிமே நீ வர வேணாமாம். உன்னைவிட மோசமா இருக்கறவங்க காத்துக்கிட்டு இருக்காங்களாம்."

ஒரு காலில் பூட்ஸோடு அப்படியே நின்றான்.

"அவங்களே சொன்னாங்களா?"

"ஆமா."

"நான் ரொம்பப் பேசிட்டேன் போல." கை கழுவிவிட்டு உட்கார்ந்தான். பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டான்.

இது நடந்து மூன்று மாதம் ஆகிறது. போன வாரம் கம்பளி வெட்ட ஆட்கள் வந்து கொட்டகையில் காத்திருந்தார்கள். ப்ரோடி படுக்கையைவிட்டு எழவில்லை. டெஸ் வந்தார். கேலி எதுவும் பேசவில்லை. அலமாரியைத் திறந்து, நரி சுட வைத்திருக்கும் இரண்டு துப்பாக்கிகளையும் போர்வையில் சுற்றித் தன் வண்டியில் வைத்தார்.

"அண்ணி, அவனை மறுபடி அந்த டாக்டரம்மாகிட்ட கூட்டிட்டுப் போங்க."

"அவங்கதான் வேணாம்னுட்டாங்களே" என்றேன். அவரும் நம்பினார்.

அதனால்தான் நானே வந்தேன். புதிதாகப் பெயர் கொடுத்தால் ஏழு மாதம் ஆகும் என்று வெளியே வரவேற்பில் சொன்னார்கள். தவறு என்னுடையது. அவன் காத்திருக்கக் கூடாது. நீங்கள் கேட்ட கேள்விக்கு நானே பதில் சொல்லிவிடுகிறேன்.

மழையே இல்லாத வருடம் அது. ப்ரோடிக்கு எட்டு வயது. 'எங்க அம்மா கோபம் வந்தா தட்டை எறிவாங்க' என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருக்கிறான். டீச்சர் என்னை அழைத்து விசாரித்தாள். வற்றிய மழைநீர்த் தொட்டியில் சேறு அள்ள எங்கள் பக்கம் பிள்ளைகளைத்தான் இறக்குவோம், மேல் வாய் அவ்வளவு சிறியது. மறுநாள் அவன் வாளியோடு தானாகத்தான் இறங்கினான். நான் ஏணியை மேலே இழுத்துக்கொண்டேன். வீட்டு விஷயத்தை வெளியே பேசினால் இதுதான் என்று சொல்லி மூடியைப் போட்டேன். இரும்புத் தொட்டியைத் தட்டினால் வெகுதூரம் கேட்கும். ரேடியோவைச் சத்தமாக வைத்தேன்.

என் கணவர் நெவில் அன்று ஆட்டுச் சந்தைக்குப் போயிருந்தார். சாயங்காலம் வந்தவர் சத்தம் கேட்டு மூடியைத் திறந்தார். ஏழு மணி நேரம் கழித்துப் பிள்ளை பார்த்த முதல் முகம் அப்பாவுடையது. அன்றிரவு வந்த காய்ச்சலில் எல்லாம் குழம்பி, மூடியது அப்பாதான் என்று அவனாகவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டான். நான் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. திருத்தவில்லை, அவ்வளவுதான். "அம்மாவாவது அவனுக்கு மிஞ்சட்டும்" என்றார் நெவில். அதன் பிறகு ப்ரோடி அப்பா பக்கத்தில் உட்கார்ந்ததில்லை. இரண்டு வருடம் முன்பு ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் நெவில் அவனைப் பார்க்க வேண்டும் என்று இரண்டு முறை கேட்டார். அவன் போகவில்லை. அவனுக்கு வேலை அதிகம் என்று நான் அவரிடம் சொல்லிவிட்டேன்.

வெட்கமாக இருக்கிறது, டாக்டர். வந்ததிலிருந்து உங்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

வரும் வியாழக்கிழமை அவனை அனுப்புகிறேன். எவ்வளவு நாள் ஆனாலும் சரி, குணப்படுத்திக் கொடுங்கள். இன்று நான் சொன்னது மட்டும் நம்மோடு இருக்கட்டும். தொட்டியை மூடியது அவன் அப்பா என்றே இருந்துவிட்டுப் போகட்டும். நெவில் அதற்கு ஒருநாளும் ஆட்சேபம் சொன்னதில்லை.