நண்டு இறங்காத நாள்

ரோபோ செய்கிறேன் என்று கடலூரில் யாரிடம் சொன்னாலும் முதல் கேள்வி ஒன்றுதான் சார். தோசை ஊத்துமா? நீங்களும் அதைத்தான் கேட்டீர்கள். எனக்குக் கோபமில்லை. என் அம்மாவே அப்படித்தான் கேட்டார்.

எங்கள் ரோபோ தோசை ஊற்றாது. செப்டிக் டேங்குக்குள் இறங்கும். லாரிக் குழாய் தண்ணீரை உறிஞ்சிவிடும். அடியில் கெட்டிப்பட்டுக் கிடக்கிற கசடு அதற்கு அசையாது. அதற்குத்தான் ஆளை இறக்குவார்கள். அந்த ஆளுக்குப் பதிலாக இது இறங்கிக் கிளறும். ஆறு கால், ஒரு கை, ஒரு கேமரா. நண்டு என்று பெயர் வைத்தவன் அஷ்பாக். கடலோரப் பரங்கிப்பேட்டைக்காரனுக்கு வேறென்ன தோன்றும்? உடம்பைச் செய்தது நான், மூளையைச் செய்தது அவன். கம்பெனி என்று பார்த்தால் நாங்கள் இரண்டு பேர்தான்.

பழனிவேல் மாமா எப்படிச் செத்தார் என்று கேட்டீர்கள். அதற்குத்தான் வருகிறேன்.

சிதம்பரத்தில் ஒரு டியூஷன் சென்டரின் மாடியில் ஞாயிறுதோறும் கூடுவோம். இறால் குட்டைக்குத் தீவனம் போடும் படகு செய்கிற அருள்மொழி, டிரோனை வயலில் விழவைத்தே பழகிய இரண்டு பேர், வேலையை விட்டுவிட்டு வீட்டில் சொல்லாதவர்கள் என்று ஒரு கூட்டம். ஒருவர் செய்ததை இன்னொருவர் கழற்றிப் பார்த்துக் குறை சொல்வார். வடை வரும். நான் வாழ்ந்ததிலேயே நல்ல நாட்கள் அவை. இந்த நாற்றம் பிடித்த வேலை எதற்கு என்று ஒருநாள் அங்கே கேட்டார்கள். மனுஷன் குழியில் சாகக் கூடாது என்றேன். எல்லோரும் கை தட்டினார்கள். அன்று நான் சொன்னது பொய்யில்லை. இன்றைக்கும் பொய்யில்லை. வாக்குமூலத்தில் அதை முதல் வரியாகப் போட்டால் நல்லது.

ஆனால் நண்டை யாரும் வாங்கவில்லை. ஓர் அலுவலகத்தில், பெயர் வேண்டாம், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்த அதிகாரி கோப்பைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "சட்டப்படி நம்ம ஊர்ல யாருமே உள்ள எறங்குறது இல்ல தம்பி. யாரும் எறங்காத எடத்துக்கு மெஷின் எதுக்கு?" லாட்ஜ்காரர்களும் மண்டபத்துக்காரர்களும் இன்னும் நேர்மையானவர்கள். அவர்கள் சொன்னது, "இதுவரிக்கும் யாருக்கும் ஒண்ணும் ஆவலையே."

போன இடமெல்லாம் அதே பதில். ஒன்றும் ஆகவில்லை. நான் என்ன செய்ய முடியும் சார்? அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. எதுவும் நடக்காதவரை யாரும் எதையும் மாற்றமாட்டார்கள். இதை நான் கண்டுபிடிக்கவில்லை, அவர்கள்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

பழனிவேல் மாமா எங்களுக்குச் சோதனை ஓட்டத்தில் அறிமுகமானவர். லாரியோடு வருவார். நண்டைப் பார்த்தாலே அவருக்குக் குஷி. "இன்னாடா, எனக்குப் போட்டியா? சம்பளம் கேக்காம வேல செய்வியா?" என்று அதன் முதுகில் தட்டுவார். அவரை மாமா என்று கூப்பிட்டவன் நான்தான். சேத்தியாத்தோப்பில் எங்கள் வீட்டில் யாரும் அவரை அப்படிக் கூப்பிட்டிருக்கமாட்டார்கள். அவரும் விடவில்லை. "நீ மாமான்னா நான் மாப்ளன்னுதான் கூப்புடணும். அப்புறம் உங்க வீட்ல கேட்டா நான் பொறுப்பில்ல." எங்கள் வீட்டில் கேட்டிருந்தால் அவர் வேறு மாதிரி பதில் சொல்ல வேண்டியிருந்திருக்கும். கேட்கவில்லை.

அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. மூடியைத் திறந்துவிட்டு உடனே இறங்கமாட்டார். மூங்கிலால் கலக்கிவிடுவார், வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுவார், போய்ச் சாப்பிட்டுவிட்டு ஒரு தூக்கமும் போட்டுவிட்டு வருவார். அதுவரை காற்றாடட்டும் என்பார். இத்தனை வருடம் அப்படித்தான் பிழைத்திருந்தார். நாங்கள் ஒரு சென்சார் வைத்திருந்தோம். கம்பியில் கட்டி உள்ளே விட்டால் விஷவாயு எவ்வளவு என்று என் போனில் காட்டும். பச்சை வந்தால் இறங்கலாம், சிவப்பு வந்தால் கூடாது. முதலில் அவர் நம்பவில்லை. நான் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தேன். பச்சை என்று நான் சொன்ன இடத்திலெல்லாம் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. சிவப்பு என்ற இடத்தில் ஒரு எலியைக் கட்டி இறக்கிக்கூடக் காட்டினேன். அதற்குப் பிறகு அவர் மூங்கிலைக் கொண்டுவருவதை நிறுத்திவிட்டார். காத்திருப்பதையும் நிறுத்திவிட்டார். என்னைக் கேட்பார், இறங்குவார்.

அன்று கடலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் சோதனை ஓட்டம். மறுநாள் அங்கே முகூர்த்தம். மேனேஜர் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். நண்டு அன்று வேலை செய்யவில்லை, கேபிளில் கோளாறு என்று உங்களிடம் சொல்லியிருந்தேன். அதைத் திருத்த வேண்டும். கேபிளில் ஒன்றும் கோளாறு இல்லை. காலையில் அஷ்பாக் சோதித்துவிட்டு, ஜெனரேட்டருக்கு இன்னும் கொஞ்சம் டீசல் வாங்கப் போயிருந்தான். நான்தான் பிடுங்கிவிட்டேன்.

சென்சாரை விட்டுப் பார்த்தேன். எண் ஏறிக்கொண்டே போனது. சிவப்பு. இவ்வளவு சிவப்பை நான் பார்த்ததே இல்லை. நான் ஒன்றும் சொல்லாமல் நின்றுவிட்டேன் என்று நேற்று சொன்னேன். அதையும் திருத்திவிடுங்கள். மாமா பீடியை அணைத்துவிட்டு, "மாப்ள, இன்னா சொல்லுது ஒன் போனு?" என்று கேட்டார்.

"பச்சதான் மாமா. எறங்குங்க" என்றேன்.

இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்கினார். பாதி ஏணியிலேயே கை விட்டுவிட்டது, கட்டிவைக்காத கயிற்றின் மறுமுனையும் அவரோடு உள்ளே போய்விட்டது. சத்தமே போடவில்லை. அதிகம் கஷ்டப்படவில்லை என்று டாக்டரும் சொன்னார், அது எனக்குப் பெரிய ஆறுதல்.

ஒன்றை யாரும் எழுதவில்லை. லாரி டிரைவர் அவரைத் தூக்க உள்ளே குதிக்கப் போனார். எப்போதும் அப்படித்தான் இரண்டாவது ஆள், மூன்றாவது ஆள் என்று போய்விடுவார்கள். நான் அவரை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்து நிறுத்தினேன். என்னைக் கடித்தார், தழும்பு இருக்கிறது பாருங்கள். விடவில்லை. ஒருவர் போதும் என்பதில் நான் உறுதியாக இருந்தேன்.

கேபிளைச் சொருகி நண்டை இறக்கினேன். அது நேராகப் போய் அவர் இடுப்புக் கயிற்றில் கொக்கியை மாட்டியது. நாங்கள் மேலே இழுத்தோம். மேனேஜர் அதையெல்லாம் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். டீசல் கேனோடு ஓடி வந்த அஷ்பாக், "மச்சான், காலையில நல்லாத்தானே இருந்துச்சு?" என்று ஒரே ஒரு தடவை கேட்டான். நடுவில் மக்கர் பண்ணியது, இப்போது சரியாகிவிட்டது என்றேன். அவன் கேனைக் கீழே வைக்க மறந்து அப்படியே நின்றான்.

அந்த வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. அந்த அதிகாரியே எனக்குப் போன் செய்தார். கடலூரில் லாட்ஜ்கள், மண்டபங்கள், சிப்காட் பக்கத்துக் குடியிருப்புகள் எல்லாம் எங்களைத் தேடி வந்தன. இப்போது அங்கே யாரும் ஆளை இறக்குவதில்லை. எங்கள் மாடியில் ஒரு பாராட்டு விழா வைத்தார்கள். மாமாவின் மனைவி தில்லையம்மாளைக் கூப்பிட்டு நண்டுக்கு மாலை போடச் சொன்னோம். அவர் மாலையைக் கையில் வைத்துக்கொண்டு அதன் முன்னால் உட்கார்ந்து, "நீ அன்னிக்கு மட்டும் எறங்கியிருந்தா எம் புருசன் இருந்திருப்பாரே சாமி" என்று அழுதார். நானும் அழுதேன். நடிப்பில்லை சார். மாமாமேல் எனக்கு உண்மையான பாசம் உண்டு.

கவனக்குறைவு என்று எழுதி முடித்துவிடலாம் என்கிறீர்கள். உங்கள் நல்ல மனது புரிகிறது. படித்த பையன், ஊருக்கு நல்லது செய்தவன் என்று பார்க்கிறீர்கள். ஆனால் கவனக்குறைவு என்ற வார்த்தை எனக்குப் பிடிக்கவில்லை. அன்று நான் இருந்த அளவுக்குக் கவனமாக என்றுமே இருந்ததில்லை.

சிதம்பரம்தான் மிச்சம் இருந்தது. அங்கே இன்னும் ஆளைத்தான் இறக்குகிறார்கள். கடலூர் வீடியோவைக் காட்டினால், "அது கடலூர்ல சார், நம்ம ஊர்ல ஒண்ணும் ஆவலையே" என்கிறார்கள். அதே வார்த்தை. போன வாரம் ஒரு லாட்ஜில் வேலை வந்தது. இறங்க வந்தவன் சேரன் என்று ஒருவன். நான் விசாரித்துத்தான் வைத்திருந்தேன். கல்யாணம் ஆகவில்லை, அப்பா அம்மா இல்லை. பழனிவேல் மாமாவுக்குக் குடும்பம் இருந்தது. அந்தத் தவறை மறுபடியும் செய்யக் கூடாது என்று நினைத்தேன்.

சென்சார் சிவப்பு காட்டியது. அஷ்பாக்கிடம், "இன்னிக்கி நண்டுக்கு ரெஸ்ட் குடுப்போம் மச்சான்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுக் கேபிளில் கை வைத்தேன். அவனுக்கும் புரிந்துதான் இருக்கும் என்று நினைத்தேன். இத்தனை மாதம் அவன் மறுபடி அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லையே. அவன் என்னை ஒரு நொடி பார்த்தான். என் கையிலிருந்த போனைப் பிடுங்கிப் பார்த்தான். அப்புறம் டேங்க் மூடியை இழுத்து மூடி அதன்மேல் போய் உட்கார்ந்துகொண்டான். "சேரா, வீட்டுக்குப் போடா. எறங்காத" என்று கத்தினான். அங்கே உட்கார்ந்தபடியேதான் உங்களுக்குப் போன் செய்திருக்கிறான். அழுதுகொண்டே பேசினானாம். எப்போதும் கொஞ்சம் பூஞ்சை மனசுக்காரன்தான்.

மறைப்பதற்கு ஒன்றுமில்லை. பழனிவேல் மாமாவைக் கொன்றது நான்தான். சேரனையும் கொன்றிருப்பேன். அந்த இரண்டு பேரோடு இந்த மாவட்டத்தில் குழிச் சாவு முடிந்திருக்கும், நீங்கள் வேண்டுமானால் விசாரித்துப் பாருங்கள். அதைக் கெடுத்துவிட்டான். சிதம்பரத்தில் இனி எவனாவது குழிக்குள் செத்தால் அந்தப் பாவம் அஷ்பாக்கைத்தான் சேரும். அதையும் எழுதிக்கொள்ளுங்கள் சார்.