ரோஸ்கோவின் கதையை அச்சிட்டவர்

மேடையில் அமர்ந்திருக்கும் போதகர் அவர்களே, கல்லூரித் தலைவர் அவர்களே, கேதர் குடும்பத்தாரே, பேராசிரியரின் சிவப்புப் பென்சிலிடம் அடி வாங்கிய மாணவ மாணவியரே, வணக்கம்.

இன்று நாம் அடக்கம் செய்யப்போகும் பேராசிரியர் ஜெனோபியா கேதர் நாற்பத்தொரு ஆண்டுகள் நம் கல்லூரியில் பாடம் நடத்தினார். நல்ல சொற்களையெல்லாம் எனக்கு முன் பேசியவர்கள் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு மிஞ்சியிருப்பது நடந்த ஒரு விஷயம்தான். அதில் நான் நல்லவனாக வரமாட்டேன்.

நம் கறுப்பின மக்களின் சிறுகதைகளுக்காக ஆண்டுக்கு ஓர் இதழ் நடத்தினார் அவர். அந்தக் காலத்தில் வெள்ளைக்காரப் பதிப்பாளர்கள் நம்மிடம் கேட்டது ஒரே கதை: ஒருவன் அடிபட வேண்டும், அவன் தாய் அழ வேண்டும். நாம் விரும்பியதும் ஒரே கதைதான்: ஆண் கலங்காமல் நிற்க வேண்டும், பெண் பொறுத்துக்கொள்ள வேண்டும். நானும் அப்படி ஒன்று எழுதிக் கொடுத்தேன். திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"வெண்டல், உன் கதையில இந்த அம்மா பதினோரு பக்கம் துணி துவைக்கிறாங்க. ஒரு தடவைகூடக் கோபம் வரலியே. உங்க அம்மாவுக்குக் கோபமே வராதா?"

என் அம்மாவை அறிந்தவர்கள் சிரிக்கிறீர்கள். சரிதான்.

1974-இல் ரோஸ்கோ மேப்ரி என்ற பஸ் மெக்கானிக் ஒரு கதை அனுப்பினார். இரண்டு ஆண்கள் ஒரே வீட்டில் இருபது ஆண்டுகள் சேர்ந்து வாழ்கிறார்கள். ஒன்றுவிட்ட அண்ணன் தம்பி என்று ஊர் சொல்லிக்கொள்கிறது. ஒருவர் இறந்துபோகிறார். அடக்க ஆராதனையில் முன்வரிசைகள் குடும்பத்தாருக்கு. மற்றவர் நான்காவது வரிசையில் போய் உட்காருகிறார். அவ்வளவுதான் கதை.

இதழ்க் குழுவில் அவரையும் சேர்த்து நாங்கள் ஐந்து பேர். முதலில் வாய் திறந்தவன் நான்.

"மேடம், வெள்ளைக்காரன் நம்மளப் பத்திச் சொல்றது பத்தாதா? இதையும் நாமளே எடுத்துக் குடுக்கணுமா?"

"அவங்க என்ன சொல்வாங்கன்னு பயந்து பயந்து எழுதினா, அந்தக் கதைய எழுதினது நாம இல்ல வெண்டல். அவங்கதான்."

"அந்த மாதிரி ஆளுங்களுக்குப் பரிஞ்சு பேசுறீங்களா?"

"நான் சர்ச்சுல டீக்கனா ஊழியம் செஞ்சவரோட விதவை. யாருக்கும் பரிஞ்சு பேச வரல. கதை நல்லா இருக்கு. ரெண்டு எடத்துல கமா விட்டுப்போச்சு, போட்டுட்டேன்."

வேண்டாம் என்று நான்கு கைகள் உயர்ந்தன. முதலில் உயர்ந்தது இந்தக் கை.

அவர் என்ன செய்தார்? வாதாடினாரா? இல்லை. கல்லூரி அச்சகம் மறுத்ததும், சர்ச் நிகழ்ச்சி நிரல்கள் அச்சடிக்கும் கடைக்கு அந்த ஆண்டு இதழையே எடுத்துப்போனார். முந்நூறு பிரதிகளையும் தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்துத் தானே தைத்தார்.

ஒரு மாதத்துக்குள் அவருடைய துறைத்தலைவர் பதவி போயிற்று. மூன்றாம் மாடியில் முதலாண்டு இலக்கண வகுப்பு மட்டும் கொடுத்தார்கள். காலியான நாற்காலி யாருக்குக் கிடைத்தது? எனக்கு. பதினோரு ஆண்டுகள் என் கதவைத் தாண்டித்தான் அவர் படியேறினார். தினமும் நின்று வணக்கம் சொன்னார். அதில் குத்தல் இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

1985-இல் என் தம்பி லமார் அட்லாண்டாவில் இறந்தான். அவனோடு ஒன்பது ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்த ஓர் ஆண், அவன் உடலோடு நம் ஊருக்கு வந்தார். அடக்க ஆராதனையில் அவரைப் பின்னால் உட்காரச் சொன்னார்கள். சொன்னார்கள் என்ன, சொன்னவன் நான்.

மறுவாரம் மூன்றாம் மாடிக்கு ஏறிப்போனேன்.

"மேடம், ரோஸ்கோ எழுதினத நானே செஞ்சுட்டேன்."

நடந்ததைச் சொன்னேன். கையிலிருந்த பென்சிலைக் கீழே வைத்தார்.

"அவர் பேரு என்ன?"

"கர்ட்டிஸ்."

"வீடு தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப எங்கிட்ட வந்து ஏன் நிக்கிற? அங்க போ."

போனேன். கர்ட்டிஸ் கதவைத் திறந்து, வெகுநேரம் என்னை வாசலிலேயே நிற்க வைத்தார். பிறகு உள்ளே விட்டு, காப்பி கொடுத்தார். மன்னித்தேன் என்று அன்றும் சொல்லவில்லை, இன்றுவரை சொல்லவில்லை. லமாரின் சட்டைகளை மட்டும் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். என் தம்பிக்கு மஞ்சள் நிறம் பிடிக்கும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

ஜெனோபியா கேதர் எனக்கு அறிவுரை சொன்னதில்லை. போக வேண்டிய இடத்துக்கு அனுப்பிவைத்தார். ஓர் ஆசிரியரிடம் இதைவிட வேறென்ன கேட்க முடியும்?

நண்பர்களே, இதழ் நிற்காது. இந்த ஆண்டுக்கு முப்பத்தெட்டுக் கதைகள் வந்திருக்கின்றன. பன்னிரண்டை அவர் படித்துத் திருத்தி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். பதின்மூன்றாவதை நேற்று நான் எடுத்தேன். நம் கல்லூரி மாணவி ஒருத்தி தன் அப்பாவைப் பற்றி எழுதியிருக்கிறாள். முதல் பக்கத்திலேயே எனக்குச் சங்கடமாகி, மூடி வைத்துவிட்டேன்.

நாளைக் காலை அதை முழுதாகப் படிக்கிறேன். நன்றாக இருந்தால் அச்சிடுவோம்.