பனலில் எழுதிய உபயப் பெயர்கள்

ரொறன்ரோ, ஸ்காபரோ பொலிஸ் நிலையத்தில், மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு தமிழில் சொல்லப்பட்டு எழுதப்பட்டது.

என் பெயர் கோணேஸ்வரி இரத்தினவேல். வயது ஐம்பத்து மூன்று. பிறந்தது திருகோணமலை, இப்போது வசிப்பது அஜக்ஸில். மின் பொறியியல் படித்தவள். வீட்டுக் கூரைகளில் சோலர் பனல் பூட்டும் நிறுவனம் ஒன்றில் மேற்பார்வையாளராக வேலை செய்கிறேன். பேசாமல் இருக்க எனக்கு உரிமை உண்டு என்று அதிகாரி சொன்னார். பேசாமல் இருந்தது போதும் என்று நான் சொன்னேன்.

என்மேல் முறைப்பாடு கொடுத்திருக்கும் தங்கத்துரை எங்கள் ஊர்ச் சங்கத்தின் தலைவர். ஊருக்குச் செய்தது போதும், இனி உலகத்துக்கும் செய்வோம் என்று மேடையில் அறிவித்து, ஆபிரிக்காவில் மலாவி நாட்டின் ஒரு கிராமத்துப் பிரசவ விடுதிக்கு மின்சாரம் கொடுக்கச் சங்கத்தைச் சம்மதிக்க வைத்தவர் அவர்தான். அந்த நாட்டு மின்சாரத்தில் பெரும்பகுதி ஆற்றுத் தண்ணீரில் வருவது. மழை பொய்த்தாலும் வெட்டு, வெள்ளம் வந்தாலும் வெட்டு. அந்தக் கிராமத்துக்கோ மின்கம்பியே போகவில்லை. ஆகவே சோலர் பனல் என்று முடிவாகி, திட்டத்தை என்னிடம் கேட்டார்கள், நானும் வரைந்து கொடுத்தேன்.

அதன் பின்னர் தங்கத்துரை, காசு தந்தவர்களின் பெயர்களை, கோயில் ரியூப் லைட்டில் எழுதுவதைப் போல, ஒவ்வொரு பனலின் கண்ணாடியிலும் ‘உபயம்’ என்று கறுப்பு ஸ்ரிக்கரில் ஒட்டுவித்தார். கோயிலில் பாதி வெளிச்சம் போனாலும் சாமி ஒன்றும் கேட்காது. பனல் அப்படியல்ல. அதன் கட்டங்கள் ஒன்றோடொன்று கோர்த்தவை, ஒரு வரிசையை மறைத்தாலே மற்றவையும் படுத்துவிடும். இதைக் கூட்டத்தில் எழும்பிச் சொன்னேன். பெயரைப் பின்பக்கம் ஒட்டலாம் என்றும் சொன்னேன். “பின்னுக்கு ஒட்டினால் போட்டோவில தெரியுமே பிள்ளை? பேர் தெரியாட்டி ஆர் தருவினம்?” என்று அவர் கேட்க, சபை கைதட்டியது. பனல்கள் அப்படியே போயின.

அதன் பின்னர் ஒருநாள் அந்த விடுதியின் மருத்துவச்சி சிக்கொண்டி எனக்கு வீடியோவில் அழைத்தாள். பற்றரி நிறைவதில்லை, குளிர்சாதனப் பெட்டி நின்று நின்று ஓடுகிறது, இரத்தப்போக்கை நிறுத்தும் ஊசிமருந்து அதற்குள் இருந்து பழுதாகிவிட்டது, அதை ஏற்றியும் கேட்காமல் பிள்ளை பெற்ற ஒருத்தி இறந்துபோனாள் என்றாள். பிறகு கமராவைக் கூரைப் பக்கம் திருப்பி, கறுப்பாக ஒட்டியிருப்பது என்ன பாகம், கழற்றினால் பனல் பழுதாகுமா என்று கேட்டாள். உரித்துவிடச் சொன்னேன். உரித்த பிறகு பெட்டி நிற்கவில்லை.

அதன் பின்னர் தங்கத்துரையின் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார், குடித்து முடித்தார். “அங்க உதெல்லாம் வழமைதானே. எங்கட பனலாலயோ செத்தது?” என்றார். அடுத்த கிராமத்து விடுதிக்கு இரண்டாவது தொகுதி பனல்கள் வந்தபோது, ஸ்ரிக்கரை உரித்த கதை அவருக்குத் தெரிந்திருந்தபடியால், இந்த முறை லேசில் அழியாத பெயின்ரில் பெயர்களை எழுதுவித்தார். அன்றைக்குத்தான் அந்த மனிதர்மேல் எனக்கிருந்த கடைசி மரியாதையும் போனது.

அதன் பின்னர், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பனல்களை வைக்க ஸ்காபரோவில் சங்கம் வாடகைக்கு எடுத்திருந்த ஸ்ரோரேஜ் அறைக்குப் போனேன். திறப்பு என்னிடம் இருந்தது, பூட்டை உடைக்கவில்லை. பெயின்ர் கரைக்கும் திரவத்தைப் பூசி, சுரண்டும் தகட்டால் பெயர்களைச் சுரண்டினேன். முதலில் சுரண்டியது காலஞ்சென்ற என் கணவர் இரத்தினவேலின் பெயரை. அவர் நினைவாக அந்தப் பனலுக்குக் காசு கொடுத்தது நான், பலரும் அப்படி இறந்தவர்களின் பெயரில்தான் கொடுத்திருந்தார்கள். கடைசிப் பனலில் நிற்கும்போது தங்கத்துரை வந்தார். “செத்த ஆக்களின்ர பேரையடி சுரண்டுறாய்!” என்று கத்தி, தகட்டைப் பறிக்கக் கூர்ப்பக்கத்திலேயே பிடித்தார். உள்ளங்கை வெட்டுப்பட்டது. நான் வெட்டவில்லை. இரத்தத்தைப் பார்த்தும் எனக்கு இரக்கம் வரவில்லை, அதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன். அவர் பொலிசுக்கு அழைத்துக்கொண்டிருக்க, நான் மிச்சத்தையும் சுரண்டி முடித்தேன்.

சங்கத்திடம் மன்னிப்புக் கேட்டு, பெயர்களைத் திரும்ப எழுதுவித்துத் தந்தால் முறைப்பாட்டை மீளப் பெறுவதாக அவர் சொல்லியனுப்பியதை அதிகாரி எனக்குத் தெரிவித்தார். மாட்டேன்.

பனல்கள் எல்லாம் சான்றுப் பொருட்களாகப் பொலிஸ் பொறுப்பில் இருப்பதாகவும், வழக்கு முடியும்வரை விட முடியாது என்றும் அதிகாரி சொன்னார். அவற்றை ஏற்ற வேண்டிய கொள்கலன் வெள்ளிக்கிழமை புறப்படுகிறது. படம் எடுத்துக்கொள்ளுங்கள், என் கைரேகை வேண்டுமானால் பத்து விரலையும் எடுங்கள், நான் செய்ததை ஒத்துக்கொண்டுவிட்டேன். சான்று வேண்டுமென்றால் என்னைப் பிடித்து வைத்திருங்கள். பனல்களை விடுங்கள். அவை இப்போது துப்புரவாக இருக்கின்றன.

இதை எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டினார்கள். எதையும் மாற்றவோ குறைக்கவோ நான் கேட்கவில்லை. அத்தனையும் நடந்தவை.

(ஒப்பம்) கோ. இரத்தினவேல்